சந்திரசேகரின் பணிவாழ்வில் பெருமிதத்துக்குரிய தருணம் எது?

தெற்குவானம் எழுதியது:

அறிவியலாளர் ஒருவரின் பணிவாழ்வில் பெருமிதத்துக்குரிய தருணம் எது என்று கேட்டால் நம்மில் பலருக்கும் விருது மேடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன: 1930-இல் கப்பலில் போட்ட கணக்கு, 1935-இல் லண்டனில் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் செய்த ஏளனம், 1983-இல் கிடைத்த நோபல் பரிசு. இளமையில் கண்டறிந்தார், மறுக்கப்பட்டார், முதுமையில் ஏற்கப்பட்டார் என்று மூன்று காட்சிகளில் அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் இடையில் 48 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் அங்கீகாரத்துக்காகக் காத்துக் கிடக்கவில்லை. விண்மீன் அமைப்பு, விண்மீன் இயக்கவியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம் (ஒரு பொருளினூடே ஒளி சிதறியும் உறிஞ்சப்பட்டும் செல்லும் விதம்), பாய்ம நிலைப்பாடு, சுழலும் நீள்வட்டத் திண்மங்கள், கருந்துளைகள் என்று துறை துறையாக இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பெருநூலை எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றார். அப்படிப்பட்ட ஒருவர் தம் வாழ்நாள் பணியில் எந்தக் கட்டத்தை அதிக நிறைவோடு திரும்பிப் பார்த்திருப்பார் என்பதே என் கேள்வி. ஆய்வுப் பணியில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்து எழுதலாம். பேச்சு மட்டும் சந்திரசேகரை விட்டு விலகாமல் இருக்கட்டும்.

கரும்பலகை எழுதியது:

நான் 1930-ஐயே சொல்வேன். அது அடிக்கடி சொல்லப்படுகிறது என்பதற்காக அதன் பெருமை குறைந்துவிடாது. கப்பலில் திடீரென்று உதித்த எண்ணம் போலப் பலரும் அதை எழுதுவதால்தான் அதன் அருமை தெரியாமல் போகிறது. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்டுத் தயாரிப்பு இருந்தது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் அவரை நேரில் சென்று பார்த்தார். நீ படித்துவைத்திருக்கும் அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்டு, உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களுக்குப் புதிய பெர்மி–டிராக் புள்ளியியலைப் (எலக்ட்ரான்கள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவி நிற்கும் என்று கணிக்கும் முறையை) பொருத்தித் தாம் எழுதியிருந்த, அப்போது இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதே புள்ளியியலை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களுக்குப் பொருத்தி, கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் எழுதிய கட்டுரையையும் சந்திரசேகர் தேடிப் படித்தார்.

பம்பாயிலிருந்து வெனிஸ் சென்ற கப்பலில் அவர் செய்தது, ஃபௌலரின் கணக்கில் விடுபட்டிருந்த ஒன்றைச் சேர்த்தது. வெண்குறுமீனின் மையத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. ஆகவே சிறப்புச் சார்பியலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அதைச் சேர்த்தவுடன், நிறை கூடக்கூட அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல், வெண்குறுமீனின் நிறை ஓர் எல்லைக்கு வந்துவிடுகிறது. 1931-இல் அச்சான கட்டுரையில் அந்த எல்லை சூரிய நிறையைப் போல் 0.91 மடங்கு என்று இருக்கும். இன்று நாம் சொல்லும் 1.44-க்கும் அதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை: எலக்ட்ரான் ஒன்றுக்கான சராசரி மூலக்கூறு எடையை 2.5 என்று கொண்டால் 0.91, 2 என்று கொண்டால் 1.44. அப்போது அவருக்கு வயது 19. இதைவிடப் பெருமைக்குரியது என்ன இருக்க முடியும்?

அலைநீளம் எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நாம் பெருமைப்படும் தருணமும் அவர் பெருமிதம் கொண்ட தருணமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேம்பிரிட்ஜில் போய் இறங்கிய இளைஞர் இரண்டு கட்டுரைகளை ஃபௌலரிடம் கொடுத்தார். முதலாவதை ஃபௌலர் ஏற்றுக்கொண்டார். எல்லை நிறையைப் பற்றிய இரண்டாவதில் அவருக்கு உறுதி இல்லை. அதை வானியற்பியலாளர் மில்னிடம் அனுப்பினார். அங்கிருந்தும் ஊக்கமான மறுமொழி வரவில்லை. கடைசியில் சந்திரசேகரே அதை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்குள்ள ஆய்விதழில் வெளிவரச் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் தனக்கு இயற்பியல் ஏற்றதுதானா என்ற ஐயத்தோடு அவர் இருந்திருக்கிறார். 1931-இல் தாயையும் இழந்தார். அந்த நாட்களைப் பெருமிதத்தின் நாட்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1935 ஜனவரி 11-ஆம் தேதி ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் நடந்தது எல்லோரும் அறிந்தது. எல்லையைத் தாண்டிய விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று எடிங்டன் சொல்ல, அவை சிரித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் அதே எடிங்டன் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் கசப்பானது. பௌலி போன்ற இயற்பியலாளர்கள் கணக்கு சரியே என்று தனியே சொன்னார்கள். பொதுவில் எழுந்து சொல்லவில்லை. சந்திரசேகர் என்ன செய்தார்? வாழ்நாள் முழுவதும் சண்டை போடுவதைத் தவிர்த்து, எல்லாவற்றையும் 1939-இல் விண்மீன் அமைப்பு பற்றிய நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். எடிங்டனுடனான நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை.

இனி அவர் வாய்மொழிக்கு வருகிறேன். தம் ஆய்வுகளில் தமக்கு மிகுந்த மனநிறைவு தந்தது கதிர்வீச்சுப் பரிமாற்றமே என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் துறை தன் போக்கிலேயே வளர்ந்தது என்றும், ஒன்றைவிட ஒன்று கடினமான கணக்குகளாக வந்து ஒவ்வொன்றும் தீர்ந்துகொண்டே போயிற்று என்றும், தம் மற்றப் பணிகளில் அந்த அளவுக்கு அழகைக் காணவில்லை என்றும் அவர் கூறியிருக்கிறார். ஏறத்தாழ 5 ஆண்டு உழைப்பு, 1950-இல் நூல், அத்துடன் அந்தத் துறைக்கு விடை. பரிசும் இல்லை, பகையும் இல்லை. அதனால்தான் நம் கட்டுரைகளில் அந்த 5 ஆண்டுகளுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

மாலைச்சிவப்பு எழுதியது:

நண்பர் அலைநீளம் எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கோள்களின் வளிமண்டலத்தில் ஒளிச்சிதறலைக் கணிக்கும் வேலையில் இருப்பவள். எங்கள் துறையில் சந்திரசேகர் என்றால் நிறை எல்லை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சிதறிவரும் ஒளியைக் கணக்கிட அவர் பயன்படுத்திய எச் (H) சார்புதான் நினைவுக்கு வரும்.

அவர் தீர்த்த கணக்கு எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை இயற்பியலாளர் ராலே 1871-இல் விளக்கிவிட்டார். ஆனால் வானத்து ஒளிக்கு முனைவாக்கமும் உண்டு; அதாவது அதன் அலைகள் ஒரு திசையில் மிகுதியாக அதிர்கின்றன. முனைவாக்கக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சூரியன் மறையும் நேரத்தில் கண்முன் பிடித்து, தலைக்கு நேர் மேலே பார்த்தபடி மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் வானம் கருத்தும் அதற்குச் செங்குத்தான கோணத்தில் வெளுத்தும் தெரியும். சூரியனுக்கு 90 பாகை தள்ளி இந்த வேறுபாடு மிகுதியாக இருக்கும். ஒளி ஒரே ஒரு முறை மட்டும் சிதறுவதாக வைத்துக் கணக்கிட்டால், முனைவாக்கம் அறவே இல்லாத புள்ளிகள் சூரியன் இருக்கும் திசையிலும் அதற்கு நேர் எதிர்த்திசையிலும்தான் இருக்க வேண்டும். உண்மையில் அவை அங்கே இல்லை. ஏறக்குறைய 20 பாகை தள்ளி இருக்கின்றன. அராகோ, பாபினே, புரூஸ்டர் ஆகிய மூவரும் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே அந்தப் புள்ளிகளைக் கண்டு சொல்லிவிட்டார்கள். ஒளி பலமுறை சிதறுவதே காரணம் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் பலமுறை சிதறும் ஒளியின் முனைவாக்கத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் வழி யாரிடமும் இல்லை.

சந்திரசேகர் முதலில் சரியான மொழியைத் தேடினார். 1852-இல் ஸ்டோக்ஸ் எழுதி, பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட நான்கு அளவுகளைத் தூசு தட்டி எடுத்து, முனைவாக்கத்தையும் ஒளிச்செறிவையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்தார். இன்று தொலையுணர்வுச் செயற்கைக்கோள் தரவைக் கையாளும் பலரும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ராலேயின் கணக்கு அதன் பிறகு முழுமையாகத் தீர்ந்தது. கோட்பாட்டிலிருந்தே அந்த நடுநிலைப் புள்ளிகள் வானத்தில் தாம் இருக்கும் இடத்தில் வந்து அமர்ந்தன. யெர்க்கிஸ் வானாய்வகத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்குக் கணக்கீட்டு உதவியாளராக இருந்த டோனா எல்பர்ட்டுடன் சேர்ந்து, வானத்தின் ஒளிர்வையும் முனைவாக்கத்தையும் காட்டும் அட்டவணைகளை 1954-இல் வெளியிட்டார். அந்தப் பெண்மணியின் பெயரும் இந்த இழையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் சொந்த அனுபவம் சிறியது. ஆய்வு மாணவியாக இருந்தபோது எச் சார்பைக் கணினியில் கணக்கிட வேண்டியிருந்தது. ஒளி சிறிதும் உறிஞ்சப்படாமல் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறும் நிலையில், அந்தச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப இட்டுத் தீர்த்தால் விடை ஆமை வேகத்தில்தான் நிலைகொள்ளும். தொடக்கப் புள்ளியில் 1 என்று இருந்தே ஆக வேண்டும். மறுமுனையில் என்ன வருகிறது என்பதுதான் சோதனை. ஓர் இரவு திரையில் 2.9078 என்று வந்து நின்றது. நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த அவர் நூலின் அட்டவணையில், அதே இடத்தில், அதே 2.9078. கணினி இல்லாத காலத்தில் கையால் இயக்கும் கணக்குப் பொறியில் போடப்பட்ட எண் அது. மறுநாள் என் வழிகாட்டியிடம் சொன்னபோது அவர், "நல்லது, இனி எக்ஸ், ஒய் சார்புகளையும் போட்டுவிடு" என்றார். அதன் பிறகு கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன, ஒரு பரிசும் கிடைத்திருக்கிறது. அந்த நான்கு தசம இடங்கள் தந்த நிமிர்வு அவற்றில் கிடைக்கவில்லை.

கரும்பலகை எழுதியது:

அம்மையீர், உங்கள் விளக்கம் மிக நன்று. ஓர் இடைச்செருகல் மட்டும்: 1921-இல் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று என்று ஆராயத் தொடங்கியவர் இவருடைய சிற்றப்பா ராமன். சிற்றப்பாவுக்குக் கடலின் நிறம், அண்ணன் மகனுக்கு வானத்தின் முனைவாக்கம். இருவருக்கும் தொடக்கப்புள்ளி ராலேதான்.

ஆனால் பரிசை இவ்வளவு ஒதுக்கிப் பேச வேண்டுமா? ராமன் 1930-இல், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஸ்டாக்ஹோமுக்குப் பயணச்சீட்டு வாங்கி வைத்தார். தாம் கண்டது எத்தகையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது; அதை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் வெளிப்படையாக விரும்பினார். மேடையில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் அமர்ந்திருந்ததையும் தம் நாட்டுக்கென்று ஒரு கொடி இல்லாததையும் எண்ணிக் கலங்கியதாக அவரே பின்னர் சொன்னார். அந்தப் பெருமிதம் பொய்யானது என்று யாரால் சொல்ல முடியும்?

அலைநீளம் எழுதியது:

யாரும் சொல்லவில்லை ஐயா. ராமனுக்கு அது பொருந்தும். சந்திரசேகரின் இயல்பு வேறு. அவருடைய 73-ஆவது பிறந்தநாளான 1983 அக்டோபர் 19 அன்று பரிசு அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டார், ஆனால் தம் இளமைக்கால ஆய்வே அதில் முன்னிறுத்தப்பட்டது அவருக்கு வருத்தம் தந்தது. பின்னால் வந்த 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு ஓரங்கட்டப்பட்டதாக அவர் கருதியதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. நாம் நம் கட்டுரைகளில் செய்வதும் அதுவேதான்.

வகுப்பறை எழுதியது:

கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில், எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த யெர்க்கிஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்கு, 1940-களில், வாரந்தோறும் காரோட்டிச் சென்று அவர் வகுப்பு எடுத்தார். ஒரு பருவத்தில் அந்த வகுப்பில் லீ, யாங் ஆகிய இரு மாணவர்கள் மட்டுமே இருந்ததாகவும், வகுப்பு முழுவதும் நோபல் பரிசு பெற்ற ஒரே வகுப்பு அது என்றும் பரவலாகச் சொல்லப்படும். அந்த இருவரும் 1957-இல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்கு அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் ஆயின. தலைக்கணக்கை விட்டுவிடுங்கள், பனி கொட்டும் பருவத்திலும் அவர் போனார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று, 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்த இதழை நாடு தழுவிய அமைப்பின் இதழாக மாற்றி, உலகில் முதன்மையானதாக வளர்த்துவிட்டுத்தான் அவர் விலகினார். பிறருடைய கட்டுரைகளைச் சீராக்குவதில் 19 ஆண்டுகளைச் செலவழிப்பது எவ்வளவு பெரிய ஈகை என்பது, ஒரே ஒரு கட்டுரைக்கு மதிப்புரை எழுதிக் கொடுக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் நமக்குப் புரிய வேண்டும். முதன்முதலில் அவருடைய எல்லை நிறைக் கட்டுரையை ஏற்று அச்சிட்ட இதழும் இதுவே என்பதை அலைநீளம் குறிப்பிட்டிருக்கலாம்.

தெற்குவானம் எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், நான் மனத்தில் வைத்திருந்த விடையை இப்போது சொல்கிறேன். 1975-இல் சிகாகோவில் ஆற்றிய உரை ஒன்றில், தம் 45 ஆண்டு அறிவியல் வாழ்வில் தம்மை நிலைகுலையச் செய்த அனுபவம் எது என்று சந்திரசேகர் சொன்னார். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு எதுவும் அன்று. நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர் 1963-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட துல்லியமான தீர்வு, அண்டமெங்கும் எண்ணற்று நிறைந்திருக்கும் பெருங்கருந்துளைகளை முற்றும் சரியாக விவரிக்கிறது என்பதை உணர்ந்ததுதான் அந்த அனுபவம்.

19 வயதில் இவர் கண்ட எல்லைக்கு அப்பால் விண்மீன் என்ன ஆகும் என்பதற்கு அப்போது விடை கிடையாது. எடிங்டன் அபத்தம் என்று ஒதுக்கியதும் அதைத்தான். அந்த விடை வேறொருவர் கையால் வந்தபோது, தம் பங்கை எடுத்துச் சொல்லாமல், அந்தத் தீர்வின் அழகைப் பற்றியே அவர் பேசினார். பேசியதோடு நிற்கவும் இல்லை. 65 வயதில், அதுவும் இதய நோயோடு, கெர் தீர்வு காட்டும் வடிவியலில், எலக்ட்ரானின் இயக்கத்தை விவரிக்கும் டிராக்கின் சமன்பாட்டைப் பிரித்துத் தீர்த்து 1976-இல் வெளியிட்டார். கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் 1983-இல் வந்தது.

மாலைச்சிவப்பு எழுதியது:

அந்த உரையை நானும் அறிவேன். ஆனால் அவர் சொன்னது வியப்பைப் பற்றி. நாம் பேசுவது பெருமிதத்தைப் பற்றி. பிறர் கண்ட தீர்வைப் பார்த்து வியக்கலாம், நெகிழலாம்; பெருமிதம் என்றால் அதில் நம் கை பட்டிருக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் பதிவின் இறுதியில் நீங்கள் சொன்ன 1976-ஐ ஏற்றுக்கொள்வேன். இளையவர்கள் பலர் போட்டியிட்டுக்கொண்டிருந்த துறை அது. இயற்பியலாளர் டூகால்ஸ்கி 1972-இல் ஈர்ப்பலைகளுக்கும் மின்காந்த அலைகளுக்கும் அதே வடிவியலில் சமன்பாட்டைப் பிரித்துக் காட்டியிருந்தார். எலக்ட்ரானுக்கு மட்டும் வழி அடைபட்டிருந்தது. அங்கே போய், மற்றவர்கள் தாத்தாவாகும் வயதில், அந்தக் கதவைத் திறந்தவர் இவர். இருந்தாலும் என் வாக்கு கதிர்வீச்சுப் பரிமாற்றத்துக்கே. அவரே சொல்லிவிட்ட பிறகு நாம் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது முறையாகாது.

வகுப்பறை எழுதியது:

ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதே இறுதியானது என்று கொள்ள நான் தயங்குவேன். ஆயினும் இதில் அவர் சொல்லுக்கு அவர் செயலே சான்றாக இருக்கிறது. கடைசி ஆண்டுகளில் இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் விளக்கும் நியூட்டனின் பிரின்சிபியா நூலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றையும் நியூட்டனின் நிறுவலைப் பார்க்காமல் முதலில் தாமே இன்றைய முறையில் நிறுவி, அதன் பிறகே நியூட்டன் எப்படிச் செய்தார் என்று ஒப்பிட்டார். பெரும்பாலும் நியூட்டனின் வழியே சுருக்கமாகவும் அழகாகவும் இருந்ததாக மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அந்த நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். 80 வயதைக் கடந்தபின் யாரும் கேட்காத ஒரு வேலையை இவ்வளவு ஈடுபாட்டோடு செய்தவருக்குப் பெருமிதம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் மாலைச்சிவப்பு அவர்களோடு உடன்படுகிறேன். கரும்பலகை ஐயா 1930-லேயே நிற்கிறாரா என்று மட்டும் தெரிய வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

நிற்கிறேன். ஆனால் கதிர்வீச்சுப் பரிமாற்ற நூலை நூலகத்தில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எச் சார்பு எந்த அத்தியாயத்தில் தொடங்குகிறது என்று மாலைச்சிவப்பு அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.